தவணை யாருக்கு? – அமெரிக்கத் தனி வீடுகளின் வாடகை வரலாறு

அப்டன் சிங்க்ளேரின் 'தி ஜங்கிள்' நாவலை நம்மில் பலர் சிகாகோ இறைச்சிக் கூடங்களின் கதையாகவே நினைவில் வைத்திருக்கிறோம். 1906-இல் நூலாக வெளிவந்து, அதே ஆண்டில் அமெரிக்காவில் உணவுத் தூய்மைச் சட்டங்கள் நிறைவேறத் தூண்டுதலாக அமைந்த நாவல் அது. இறைச்சியைப் பற்றிய பக்கங்கள் பெற்ற புகழில் அந்நாவலின் நடுவே நிற்கும் ஒரு வீடு மறைந்துபோயிற்று. இக்கட்டுரையில் நாம் பேச விரும்புவது அந்த வீட்டைப் பற்றித்தான்.

லிதுவேனியாவிலிருந்து வந்த யுர்கிஸின் குடும்பம் அவ்வீட்டை 1,500 டாலருக்கு வாங்குகிறது. முன்பணம் 300 டாலர். மிச்சத்தை மாதம் 12 டாலராகக் கட்ட வேண்டும். புத்தம் புதிய வீடு என்று விளம்பரம். ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்த நண்பர் ஒருவர் அதில் 'வாடகை' என்னும் சொல் இருப்பதைக் கண்டு திடுக்கிடுகிறார். வழக்கறிஞரிடம் ஓடுகிறார்கள். கடைசித் தவணை கட்டி முடியும்வரை வாடகை என்று எழுதுவதே வழக்கம் என்று அவர் சமாதானம் சொல்கிறார். குடியேறிய பிறகு, அண்டை வீட்டுக் கிழவி உண்மையைச் சொல்கிறாள். வீட்டுக்கு வயது பதினைந்து. கட்ட ஆன செலவு 500 டாலரைத் தாண்டாது. தவணைக்கு மேல் வட்டியும் உண்டு. இவர்களுக்கு முன் நான்கு குடும்பங்கள் இதே வீட்டை வாங்க முயன்று, தவணை தவறி, கட்டிய பணம் அத்தனையும் இழந்து வெளியேறியிருக்கின்றன.

அந்தக் குடும்பம் வீட்டை வாங்கியதா, வாடகைக்கு எடுத்ததா? தவணை ஒழுங்காகக் கட்டும்வரை அவர்கள் உரிமையாளர்கள். ஒரு மாதம் தவறினால் அதுவரை கட்டியதெல்லாம் வாடகை. தமிழில் 'தவணை' என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. பகுதி பகுதியாகக் கட்டும் பணமும் தவணை. கடன்பட்டவர் கேட்டுப் பெறும் கால அவகாசமும் தவணை. அமெரிக்கத் தனி வீடுகளில் போடப்பட்ட முதலீட்டின் வரலாற்றைப் படிக்கப் படிக்க, இந்த இரண்டாவது பொருளே அதன் திறவுகோல் என்று நமக்குத் தோன்றுகிறது. வீட்டின் விலை ஏறும், இறங்கும், மீண்டும் ஏறும். காத்திருக்க அவகாசம் பெற்றவர் கையில் அது சொத்தாகிறது. அவகாசம் மறுக்கப்பட்டவர் கையிலிருந்து நழுவி, அவகாசம் உள்ளவரிடம் போய்ச் சேருகிறது. எந்தக் காலத்தில் யாருக்கு அவகாசம் கொடுக்கப்பட்டது என்பதுதான் கேள்வி.

*

1930-க்கு முன் அமெரிக்காவில் வீட்டுக் கடன் என்பது பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து ஆண்டுக் கடன்தான். வீட்டு விலையில் ஏறக்குறைய பாதியைக் கையிலிருந்து போட வேண்டும். கெடு முடிந்ததும் அசலை மொத்தமாகக் கட்ட வேண்டும், அல்லது புதுக்கடன் வாங்கிப் பழையதை அடைக்க வேண்டும். நல்ல காலத்தில் புதுக்கடன் எளிதில் கிடைத்தது. 1929-இல் பங்குச் சந்தை சரிந்து வங்கிகள் மூடத் தொடங்கிய பின் அது கிடைக்கவில்லை. ஒழுங்காக வட்டி கட்டி வந்தவர்களும் கெடு வந்த நாளில் வீட்டைப் பறிகொடுத்தார்கள்.

1933-இல் ரூஸ்வெல்ட் அரசு வீட்டு உரிமையாளர் கடன் கழகம் என்றொரு நிறுவனத்தைத் தோற்றுவித்தது. தவணை தவறிய கடன்களை அது வங்கிகளிடமிருந்து வாங்கிக்கொண்டு, 5 விழுக்காடு வட்டியில் 15 ஆண்டுக் கடனாக மாற்றி எழுதியது. மூன்றே ஆண்டுகளில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு இவ்வாறு கடன் மாற்றித் தரப்பட்டது. 1939-இல் அந்த 15 ஆண்டுகளையும் 25 வரை நீட்டிக்க வழி செய்தார்கள். அப்படியும் கட்ட இயலாத சுமார் 2 லட்சம் வீடுகள் கழகத்தின் கைக்கே வந்தன. அவற்றைக் கழகம் அவசரப்பட்டு ஏலத்தில் தள்ளிவிடவில்லை. பழுது பார்த்து, வாடகைக்கு விட்டு, சந்தை தேறத் தேறச் சிறிது சிறிதாக விற்றது. தனி வீடுகளை ஆயிரக்கணக்கில் வாடகைக்கு விட்ட பெரிய உரிமையாளராக அந்நாளில் அரசே இருந்தது என்பது இன்று பலருக்கு வியப்பளிக்கும். 1951-இல் கணக்கை முடித்தபோது கழகத்துக்கு நட்டமில்லை. சிறு இலாபமே மிஞ்சியது.

காத்திருந்தால் வீடு தன் விலையைத் தானே மீட்டுக்கொள்ளும் என்னும் பாடம் அன்றே கற்கப்பட்டுவிட்டது. அதை அன்று முதலில் பயன்படுத்திக்கொள்ள முடிந்தவர்கள் கடன்பட்ட குடும்பங்கள்.

*

இரண்டாம் உலகப் போர் முடிந்து வீடு திரும்பிய வீரர்களுக்காக நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில் லெவிட் குடும்பத்தினர் எழுப்பிய லெவிட்டவுன், அமெரிக்கப் புறநகர் வாழ்வின் முன்மாதிரியாக எல்லா வரலாற்று நூல்களிலும் இடம்பெறுகிறது. 1947-இல் அது வாடகைக் குடியிருப்பாகவே தொடங்கியது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மாத வாடகை 60 டாலர். ஈராண்டுகளில் நிலைமை தலைகீழாயிற்று. 1949-இல் 7,990 டாலர் விலையில் வீடுகள் விற்பனைக்கு வந்தபோது, முன்னாள் வீரர் ஒருவர் கட்ட வேண்டிய மாதத் தவணை 58 டாலர். வாடகையைவிடத் தவணை குறைவு!

இந்த விந்தைக்குக் காரணம் லெவிட்டின் கட்டுமானச் சிக்கனம் மட்டுமன்று. 1934-இல் அமைந்த கூட்டாட்சி வீட்டு நிர்வாகமும், 1944-இல் வந்த போர் வீரர் சட்டமும் கடனுக்குப் பொறுப்பேற்றன. அரசு பின்னால் நின்றதால் வங்கிகள் நீண்ட காலக் கடனுக்கு அஞ்சவில்லை. அசலும் வட்டியும் சேர்ந்த ஒரே மாறாத தொகையை மாதாமாதம் பல்லாண்டுகள் கட்டும் முறை நாட்டு வழக்கமாயிற்று. 1940-இல் 43.6 விழுக்காடாக இருந்த சொந்த வீட்டுக் குடும்பங்களின் பங்கு 1960-இல் 61.9 விழுக்காடாக உயர்ந்தது.

ஆனால் அந்த அவகாசம் எல்லோருக்கும் கிடைக்கவில்லை. லெவிட்டவுனின் தொடக்ககால ஒப்பந்தங்களில் வெள்ளையர் அல்லாதோர் குடியிருக்கக் கூடாது என்று எழுதியே இருந்தது. கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளில் கொடுக்கப்படும் கடன்களுக்குக் கூட்டாட்சி வீட்டு நிர்வாகம் பொறுப்பேற்க மறுத்தது. சிகாகோவில் வெள்ளையர் பகுதியில் வீடு வாங்கிய கார்ல் ஹான்ஸ்பெரி, உரிமைக்காக நாட்டின் உச்ச நீதிமன்றம்வரை போராட நேர்ந்தது. 1940-இல் தீர்ப்பு அவருக்குச் சாதகமாக வந்தது. அவருடைய மகள் லொரெய்ன் ஹான்ஸ்பெரிதான் பின்னாளில் 'எ ரெய்சின் இன் த சன்' நாடகத்தை எழுதியவர். 1959-இல் பிராட்வேயில் மேடையேறிய அந்நாடகத்தில் ஒரு குடும்பம் வீடு வாங்கப் படும் பாடு, நாடகாசிரியை சிறுமியாக இருந்து பார்த்த பாடு.

வழக்காட வசதியில்லாதவர்களுக்கு சிகாகோவில் வேறொரு வழி காத்திருந்தது. வங்கி கடன் தராது. ஆகவே தரகர்கள் தாமே வீட்டை மலிவாக வாங்கிக் கறுப்பினக் குடும்பங்களுக்கு ஒப்பந்த முறையில் விற்றனர். கடைசித் தவணைவரை பத்திரம் விற்றவர் பெயரிலேயே இருக்கும். பழுது பார்ப்பதும் வரி கட்டுவதும் வாங்கியவர் பொறுப்பு. ஒரு தவணை தவறினால் வீடும் போகும், கட்டிய பணமும் போகும். யுர்கிஸின் குடும்பம் கையெழுத்திட்ட அதே ஏற்பாடு, ஐம்பது ஆண்டுகள் கழித்து, அதே நகரத்தில்! டியூக் பல்கலைக்கழகம் முன்னின்று செய்து 2019-இல் வெளிவந்த ஆய்வொன்று, இம்முறையில் விற்கப்பட்ட வீடுகளின் விலை சராசரியாக 84 விழுக்காடு கூட்டி வைக்கப்பட்டிருந்ததையும், 1950-களிலும் 60-களிலும் சிகாகோவின் கறுப்பின மக்கள் இதனால் இழந்தது இன்றைய மதிப்பில் 300 கோடி முதல் 400 கோடி டாலர் என்பதையும் கணக்கிட்டுக் காட்டியது. 1968-இல் லான்டேல் பகுதி மக்கள் ஒப்பந்த வீட்டார் சங்கம் ஒன்றைத் தொடங்கித் தவணை கட்ட மறுத்தார்கள். நீதிமன்றத்தில் அவர்கள் வெல்லவில்லை. ஆயினும் பலர் தங்கள் ஒப்பந்தங்களைத் திருத்தி எழுதச் செய்தார்கள்.

*

இவற்றுக்கெல்லாம் இடையில், ஆரவாரமின்றி, மற்றொரு வகை முதலீட்டாளர் வளர்ந்து வந்தார். வேலை மாறி வேற்றூர் செல்லும் குடும்பம் பழைய வீட்டை விற்காமல் வாடகைக்கு விடும். தச்சு வேலையோ மின்வேலையோ தெரிந்த ஒருவர் பழைய வீடொன்றை வாங்கிச் சீர்ப்படுத்தி, வாடகைக்கு விட்டு, ஓய்வுக் காலத்துக்கு அதையே நம்பியிருப்பார். நீண்ட காலக் கடன் இவர்களுக்குத் துணை நின்றது. தவணைத் தொகை மாறாது. வாடகையோ விலைவாசியோடு ஏறும். 1986-இன் வரிச் சட்டம், வாடகைக் கட்டடத்தின் மதிப்பை 27.5 ஆண்டுகளில் தேய்மானமாகக் கழித்துக்கொள்ள இடம் தந்தது. வீடு உண்மையில் தேயாமல் விலை ஏறிக்கொண்டிருந்தாலும் வரிக் கணக்கில் தேய்ந்துகொண்டிருக்கும்.

அந்நாளில் பெரிய நிறுவனங்கள் இத்தொழிலைத் திரும்பிப் பார்க்கவில்லை. அடுக்ககத்தில் இருநூறு குடும்பங்களுக்கு ஒரே கூரை, ஒரே காவலாள், ஒரே குழாய்ப் பணியாளர் போதும். இருநூறு தனி வீடுகள் என்றால் இருநூறு கூரைகள். ஒன்று ஒழுகும், ஒன்று காலியாகக் கிடக்கும், ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் பத்து மைல் தூரம். 2010-ஐ ஒட்டிய காலம்வரை ஆயிரம் தனி வீடுகளுக்கு மேல் வாடகைக்கு விட்ட நிறுவனம் ஏதுமில்லை என்றே துறை சார்ந்தோர் கூறுவர்.

*

2004-இல் சொந்த வீட்டுக் குடும்பங்களின் பங்கு 69.2 விழுக்காடு என்னும் உச்சத்தைத் தொட்டது. அந்த உச்சத்தின் ஒரு பகுதி, வருமானத்தைச் சரிபார்க்காமலும், முதல் ஈராண்டு மட்டும் வட்டியைக் குறைத்துக் காட்டியும் தள்ளிவிடப்பட்ட கடன்களால் ஆனது. 2006-க்குப் பின் விலை சரிந்தது. ஃபீனிக்ஸ், லாஸ் வேகாஸ் போன்ற நகரங்களில் வீடுகள் உச்ச விலையில் பாதிக்கும் மேல் இழந்தன. பல லட்சம் குடும்பங்களின் வீடுகள் ஜப்திக்கு ஆளாயின.

1933-ஐப் போல இம்முறையும் அரசு கடன் திருத்தத் திட்டம் ஒன்றை 2009-இல் அறிவித்தது. 30 முதல் 40 லட்சம் குடும்பங்களைக் காப்பது இலக்கு. ஆனால் கடனை மாற்றி எழுதும் பொறுப்பு வங்கிகளிடமும் தவணை வசூலிக்கும் நிறுவனங்களிடமுமே விடப்பட்டது, இலக்கு எட்டப்படவில்லை. 2012-இல் வீட்டு நிதி ஒழுங்குமுறை அமைப்பு, ஃபேனி மே வசமிருந்த ஜப்தி வீடுகளில் சுமார் 2,500-ஐ வாடகைக்கு விடும் நிபந்தனையோடு முதலீட்டாளர்களுக்கு மொத்தமாக விற்க முன்வந்தது. எண்ணிக்கை சிறிதுதான். ஆனால் 1930-களில் அரசு தானே வாடகைக்கு விட்டுக் காத்திருந்த இடத்தில், இப்போது காத்திருப்பும் அதன் பலனும் பிறரிடம் ஒப்படைக்கப்பட்டன.

அந்த ஆண்டில் பெருநிதி நிறுவனங்கள் ஏன் வந்தன என்பதை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம். ஒரு லட்சம் டாலருக்கு வாங்கிய வீட்டின் மாத வாடகை 1,000 டாலர் என்று கொள்வோம். ஆண்டுக்கு 12,000. சொத்து வரி, காப்பீடு, பழுது, காலியாகக் கிடக்கும் மாதங்கள் எல்லாவற்றுக்கும் பாதியை ஒதுக்கினாலும் 6,000 மிஞ்சும். அதாவது 6 விழுக்காடு. அமெரிக்க அரசின் பத்தாண்டுக் கடன் பத்திரம் அப்போது 2 விழுக்காடுகூடத் தரவில்லை. விலை மீண்டால் வரும் இலாபம் தனி. இந்தக் கணக்கு வீட்டை இழந்த குடும்பத்துக்கும் தெரியாததன்று. ஜப்தி ஏறிய கணக்கோடு வங்கிப் படியேற அதனால் இயலவில்லை, அவ்வளவுதான்.

பிளாக்ஸ்டோன் நிறுவனம் 2012-இல் இன்விடேஷன் ஹோம்ஸ் என்னும் நிறுவனத்தைத் தொடங்கி ஃபீனிக்ஸில் வாங்க ஆரம்பித்தது. பொருட்களைப் போட்டுவைக்கும் வாடகைக் கிடங்குத் தொழிலில் பெயர்பெற்ற வெய்ன் ஹியூஸ் அதே காலத்தில் அமெரிக்கன் ஹோம்ஸ் ஃபார் ரெண்ட் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். ஜார்ஜியா மாநிலத்தில் ஜப்தி வீடுகள் மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை நீதிமன்ற வாசலில் ஏலம் விடப்படுவது சட்டம். கட்டணம் உடனடி ரொக்கம். கடன் வாங்கி வீடு வாங்கும் குடும்பம் அந்தப் படிகளில் நின்று கேட்க முடியாது. 2013 ஏப்ரலில் அட்லாண்டாவில் வேறொரு முதலீட்டாளரிடமிருந்து ஒரே நாளில் 1,400 வீடுகளை பிளாக்ஸ்டோன் மொத்தமாக வாங்கியது. சிதறிக் கிடக்கும் வீடுகளை நிர்வகிக்கும் பழைய தடையைக் கணினி மென்பொருளும் கைப்பேசியும் தளர்த்திவிட்டிருந்தன.

அதே ஆண்டு நவம்பரில் 3,207 வீடுகளின் வாடகையைப் பிணையாக வைத்து 47.9 கோடி டாலர் கடன் பத்திரங்கள் சந்தையில் விற்கப்பட்டன. வாடகைதாரர் மாதாமாதம் கட்டும் தொகை, எங்கோ இருக்கும் பத்திரதாரருக்கு வட்டியாகப் போய்ச் சேரும் ஏற்பாடு அது. 2017 ஜனவரியில் ஃபேனி மே, இன்விடேஷன் ஹோம்ஸ் வாங்கிய 100 கோடி டாலர் கடனுக்குப் பொறுப்பேற்றது. குடும்பங்கள் வீடு வாங்க நீண்ட காலக் கடன் கிடைக்க வேண்டும் என்று 1938-இல் ஏற்படுத்தப்பட்ட அமைப்பு, அக்குடும்பங்களுக்கு வாடகைக்கு விடும் நிறுவனத்துக்குப் பிணை நின்றது. எதிர்ப்புகளுக்குப் பின் அத்தகைய திட்டங்கள் 2018-இல் கைவிடப்பட்டன. பிளாக்ஸ்டோன் 2019-இல் தன் கடைசிப் பங்குகளை விற்று வெளியேறியபோது, போட்டதைப் போல் இரு மடங்குக்கு மேல் எடுத்ததாகப் பத்திரிகைகள் கணக்கிட்டன. ஏழாண்டுக் காத்திருப்பின் கூலி அது.

*

மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் இவ்வரலாறு நேர்மையாக இராது. ஜன்னல் உடைந்து, புல் மண்டிக் கிடந்த வீடுகளைப் பழுது பார்த்துக் குடியேற்றியவர்கள் இந்நிறுவனங்களே. விலைச் சரிவை நிறுத்தியதில் அவர்களுக்கும் பங்குண்டு. வாங்க முடியாத குடும்பம் நல்ல பள்ளிகள் உள்ள புறநகரில் வாடகைக்காவது வாழ முடிந்தது. நாடு முழுவதையும் நோக்கினால் பெருநிறுவனங்களின் பங்கு சிறிதே. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2024-இல் தந்த கணக்கின்படி, 2022-இல் அவர்களிடம் இருந்தவை ஏறக்குறைய 4,50,000 வீடுகள். வாடகைத் தனி வீடுகளில் சுமார் 3 விழுக்காடு. பெரும்பாலான வாடகைத் தனி வீடுகள் இன்றும் ஓரிரு வீடு வைத்திருப்பவர்களிடமே உள்ளன.

ஆயினும் வாடகைக்குக் குடியிருப்பவர் நாடு முழுவதிலும் குடியிருப்பதில்லை. ஒரு நகரத்தில், ஒரு தெருவில் குடியிருக்கிறார். அதே கணக்கு அட்லாண்டாவில் 25, ஜாக்சன்வில்லில் 21, சார்லட்டில் 18 விழுக்காடு என்று காட்டுகிறது. அட்லாண்டா ஃபெடரல் ரிசர்வ் வங்கி 2016-இல் வெளியிட்ட ஆய்வொன்று, ஃபுல்டன் கவுண்டியில் பெருநிறுவன உரிமையாளர்கள் சிறு உரிமையாளர்களைவிட வீட்டைக் காலி செய்யக் கோரும் நோட்டீசுக்குச் செல்லும் வாய்ப்பு 8 விழுக்காடு கூடுதல் என்று கண்டது. தெரிந்த உரிமையாளரிடம் 'பத்து நாள் பொறுங்கள்' என்று கேட்கலாம். அவர் மறுக்கவும் கூடும், கேட்பதற்கு ஓர் ஆளாவது உண்டு. மென்பொருள் தேதி பார்க்கும், முகம் பார்க்காது. 2024 செப்டம்பரில் இன்விடேஷன் ஹோம்ஸ், மறைமுகக் கட்டணங்களும் முன்பணம் பிடித்தலும் தொடர்பாகக் கூட்டாட்சி வணிக ஆணையம் தொடுத்த வழக்கில், தவறை ஒப்புக்கொள்ளாமல் 4.8 கோடி டாலர் செலுத்தச் சம்மதித்தது.

வாடகைக்கு வீடு வாங்கி விடுவதே குற்றம் என்று நாம் கருதவில்லை. ஊர் மாறுபவர்க்கும், பணம் சேராதவர்க்கும், வீட்டுச் சுமை வேண்டாதவர்க்கும் வாடகை வீடு வேண்டும். யாரேனும் அதில் முதல் போட்டுத்தான் ஆக வேண்டும். நமது கேள்வி வேறு. 1933-இல் தவணை தவறிய குடும்பத்துக்கு அரசு பதினைந்து ஆண்டு கொடுத்தது. வீடு அதனிடமே தங்கியது. 1950-களின் சிகாகோவில் ஒரு மாதம்கூடக் கொடுக்கப்படவில்லை. 2012-இல் அவகாசமும் மலிவு வட்டியும் வாங்க வந்தவர்களுக்குக் கிடைத்தன. மூன்று காலங்களிலும் வீடுகள் ஒன்றே, அவற்றுக்கு மாதாமாதம் பணம் கட்டிய மக்களும் ஏறக்குறைய ஒரே நிலையினர். வேறுபட்டது, நெருக்கடி வந்த நாளில் யாரைக் காத்திருக்க விட்டார்கள் என்பது மட்டும்தான்.

சிங்க்ளேரின் நாவலில் சிறையிலிருந்து திரும்பும் யுர்கிஸ், தன் வீட்டைத் தேடி வருகிறான். வீடு அங்கேயே இருக்கிறது, ஆனால் நிறம் மாறியிருக்கிறது. மஞ்சள் பூச்சு, ஜன்னல் ஓரங்கள் சிவப்பிலிருந்து பச்சையாகியிருக்கின்றன. உள்ளிருந்து வருபவர்கள் அவனுக்கு அந்நியர்கள். அவன் குடும்பம் வெளியேற்றப்பட்டு, வீடு மீண்டும் புதியது என்று விற்கப்பட்டுவிட்டது. 2012-க்குப் பின் ஃபீனிக்ஸிலும் அட்லாண்டாவிலும் தம் பழைய தெருவழியே சென்ற பலரும் புதுப்பூச்சுப் பூசிய தம் வீட்டின் முன் ஒரு கணம் நின்றிருப்பார்கள். வாசலில் 'வாடகைக்கு' என்ற பலகை இருந்திருக்கும்.